ஷாக் பெட்டி வந்த வருஷம்

இதயம் உங்கள் பாடத்தில்தானே வருகிறது என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியை என் தலையில் கட்டினார்கள். அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஓர் அரசுப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியை. இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வரைந்து, சிவப்புச் சாக்பீஸிலும் நீலச் சாக்பீஸிலும் ரத்தம் போய் வரும் வழியைக் காட்டுவேன். அதற்கு மேல் அந்த உறுப்போடு எனக்குப் பழக்கம் கிடையாது.

பெட்டியைக் கொடுத்தவர்கள் பள்ளிச் சுவரை ஒட்டிப் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள். காலையில் எங்கள் மைதானத்தில் நடைப்பயிற்சி செய்துகொள்ள அவர்களுக்கு ஹெச்.எம். அனுமதி தந்திருந்தார். அந்த நன்றிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவர்களுடைய சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் ஆசிரியர் அறைக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. பீரோ தருவார்கள், மின்விசிறி தருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, நின்றுபோகும் இதயத்தை ஓட வைக்கும் மெஷின் தருகிறோம் என்றார்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் லிஃப்ட் கிட்ட அப்படியே சரிஞ்சுட்டாருங்க டீச்சர். செவுத்துல மாட்டியிருந்த மெஷின எடுத்து நெஞ்சுல வெச்சாங்க. ஆள் பொழச்சுட்டாருங்க. இப்ப பழையபடி எங்களையெல்லாம் மீட்டிங் போட்டுக் கொல்றாருங்க" என்றார். பிறகு எங்கள் முதலுதவி டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "அங்க மாடிக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க. இங்க இத்தன புள்ளைங்க ஓடியாடற எடத்துல டிஞ்சர் பாட்டிலும் பஞ்சும்தானுங்க இருக்குது."

ஹெச்.எம். ஆங்கில ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் வந்தவர். எதையும் கேள்வி கேட்டுத்தான் ஏற்றுக்கொள்வார்.

"கரண்ட் எவ்வளவு இழுக்கும்?"

"அதுக்குள்ளேயே பேட்டரி இருக்குதுங்க சார்."

"பிள்ளைகள் விளையாட்டுக்கு யார் மேலாவது வைத்துவிட்டால்?"

"நல்லா துடிக்கற நெஞ்சுக்கு அது ஷாக் குடுக்காதுங்க. தானே பாத்து முடிவு பண்ணிக்கும்."

"சரி. நிஜமாகவே ஒருவர் விழுந்தால் அதை எடுத்து வைக்கப் போவது யார்?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதயம் உங்கள் பாடத்தில்தானே வருகிறது என்று அப்போதுதான் சொன்னார்கள்.

பெட்டியோடு பயிற்சியும் வந்தது. செயலாளர் ஒரு சூட்கேஸைத் திறந்து ஒரு ரப்பர் பொம்மையை வெளியே எடுத்தார். தலையும் மார்பும் மட்டும்தான், மற்றதெல்லாம் கிடையாது. திருநெல்வேலிக்காரரான எங்கள் பி.டி. சார் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இவன எப்படி டீச்சர் பொழைக்க வைக்கது? ஏற்கெனவே பாதி போயிட்டாம்லா" என்றார். ஆனால் குனிந்து அமுக்கத் தொடங்கியதும் அவர்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார். தமிழ் ஐயா பொம்மைக்கு வலிக்குமோ என்பதுபோல் அமுக்கினார். கணக்கு சார் வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினார். எண்ணிக்கையில் மூழ்கி, நிறுத்தச் சொன்னதே அவர் காதில் விழவில்லை. நான் பெட்டியைத் திறந்து, பிசின் தடவிய இரண்டு பட்டைகளை உரித்து, படத்தில் காட்டிய இடத்தில் ஒட்டினேன். பெட்டி ஆங்கிலத்தில் பேசியது. வெளிநாட்டு விமான நிலையத்தில் பேசுகிற பெண்ணின் குரல். என்ன செய்யவேண்டும் என்று அதுவே ஒவ்வொன்றாகச் சொன்னது. எனக்குப் பாதி பயம் போயிற்று.

பெயர் வைப்பதில் ஒரு வாரம் போனது. டிஃபிப்ரிலேட்டர் என்ற சொல் ஆசிரியர் அறையில் யாருடைய வாயிலும் முழுசாக நுழையவில்லை. தமிழ் ஐயா 'தானியங்கி இதயத்துடிப்பு மீட்பி' என்று அட்டையில் அழகாக எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு 'ஷாக்கு பொட்டி' என்று கூப்பிட்டார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவர்களுக்கு அதில் ஷாக் வைக்கப் போவதாக எப்படியோ ஒரு பேச்சு கிளம்பியது. கொஞ்ச நாள் கணக்கு நோட்டுகள் ஒன்றுவிடாமல் வந்து குவிந்தன. கணக்கு சாரிடம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "தானா தெரிஞ்சிக்குவாங்க, விடுங்க டீச்சர்" என்றார்.

பெட்டியைத் தாழ்வாரத்துச் சுவரில் மாட்டுவதற்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரியும் கூடவே வந்திருந்தது. ஹெச்.எம். அலமாரியை மட்டும் மாட்டச் சொன்னார். பெட்டியைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"பீரோவுல பூட்டி வெச்சா ஆபத்துக்கு எப்படிங்க சார் எடுக்கறது?" என்று செயலாளர் கேட்டார்.

"சாவி என்னிடம்தான் இருக்கிறது."

"நீங்க லீவுன்னா?"

"நான் லீவு போடுவதில்லை."

அது உண்மைதான். மகள் கல்யாணத்துக்கே அரை நாள்தான் போட்டார் என்று சொல்வார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் காலி அலமாரியைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பல்லி குடிவந்திருந்தது.

கோடை வந்தது. ஒரு நாள் ஹெச்.எம். கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய அறையைத் தாண்டிப் போகும்போது கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கீச். சுவர்க்கோழி என்றார் கணக்கு சார். காலைத் தரையில் உதைத்தால் அடங்கிவிடும் என்று உதைத்தும் பார்த்தார். அது அடங்கவில்லை. அலுவலக உதவியாளர் பீரோவின் அடியில் பூச்சி மருந்து அடித்தார். அந்த அறையில் யாரும் நிற்க முடியாமல் போயிற்றே தவிர, கீச் நிற்கவில்லை.

மறுநாள் ஹெச்.எம். வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் கேட்டது. பீரோவைத் திறந்து, கோப்புகளை அடுக்கடுக்காக வெளியே எடுத்துப் போட்டார். பூச்சி எதுவும் பறக்கவில்லை. கடைசிக் கோப்புக்குப் பின்னால் பெட்டி இருந்தது. எப்போதும் பச்சையாக மினுக்கும் அதன் விளக்கு இப்போது சிவப்பாக மினுக்கியது. மினுக்கிவிட்டுக் கீச் என்றது.

"டைம் பாம் மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பி.டி. சார் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

நான் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"எங்கீங்க வெச்சிருக்கீங்க டீச்சர்?"

"மேற்குச் சுவர் ஓரம். இரும்பு பீரோ."

"அய்யோ, அதுக்கு வேகுதுங்க டீச்சர். அதான் கத்துது. நெழல்ல எடுத்து வைங்க, காத்தாடட்டும்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் ஹெச்.எம்.முக்கும் கேட்டது. அவர் தன் மேஜை மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தார். அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு, காய்ச்சல்காரருக்குத் துணையாக இருப்பதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். விளக்கு பச்சைக்கு மாறியதும் எழுந்தார். "சரி, அதை வெளியே மாட்டுங்கள். பல்லியை முதலில் விரட்டுங்கள்" என்றார்.

அப்படித்தான் பெட்டி தாழ்வாரத்துக்கு வந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் ஊரைக் கூட்டும் அளவுக்கு ஓர் அலாரம் அடிக்கும். முதல் வாரம் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தது. ஹெச்.எம். தன் மேஜையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

அந்தச் சமயத்தில், எங்கள் பயிற்சியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். இடைவேளையில் ஒருத்தி வேப்பமரத்தடியில் செத்து விழுவாள். இன்னொருத்தி நெஞ்சை அமுக்குவாள். மூன்றாமவள் மெஷின். மெஷினாகப் பேசுகிறவள் என் வகுப்புப் பெண். அவளுடைய அப்பா தண்ணீர் லாரி ஓட்டுபவர். ஆங்கிலப் பாடத்தில் வாயே திறக்காதவள், மெஷினாக மாறியதும் தடுமாறாமல் ஆங்கிலம் பேசினாள். கண்டிக்கலாம் என்று போனவள் முழுசாகக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை.

பள்ளி மறுபடி திறந்து சில வாரங்களில், ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. நானும் கணக்கு சாரும் என் வகுப்பறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தண்ணீர் லாரிக்காரர், பத்தாம் வகுப்பிலும் என்னிடமே வந்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அகலமான ஆள். கத்தரிப்பூ நிறத்தில் மடிப்புக் கலையாத புதுச் சட்டை. பிள்ளைகளின் பெஞ்சில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் அவரால் உட்கார முடிந்தது.

"உங்க பொண்ணு கணக்குல கொஞ்சம் கவனம் வெக்கணும்" என்றார் கணக்கு சார்.

"ஊட்ல புக்க தொறந்து வெச்சிகினுதான் சார் கீறா. நானும் பாத்துகினே கீறேன். காத்தால தொறந்த பக்கம் சாய்ந்தரமும் அப்டியேதான் கீது."

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. விசிறிக்குக் கீழே இல்லாததால் என்று நினைத்தேன்.

"டீச்சர், கொஞ்சம் தண்ணி கீதா?" என்றார்.

"தண்ணி லாரிக்காரரே தண்ணி கேட்டா ஊருக்கு யார் குடுக்கறது?" என்றார் கணக்கு சார்.

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. வலிப்பு என்று ஒருவர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பசி மயக்கம், சோடா வாங்கி வாருங்கள் என்றார் இன்னொருவர். ஓர் அம்மா தன் பாட்டில் தண்ணீரை அவர் முகத்திலும் மார்பிலும் கவிழ்த்தார். அவர் தொண்டையிலிருந்து கர் கர் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. "குறட்டை உடறாரு, ஒண்ணியும் இல்ல, தூங்கறாரு" என்று அந்த அம்மா எல்லோரையும் சமாதானப்படுத்தினார்.

அது மூச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். இதயம் நின்றுபோன உடம்பு அப்படி ஒரு சத்தம் போடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. 108க்குப் போன் பண்ணுங்கள் என்று, சத்தம் கேட்டு வந்த தமிழ் ஐயாவிடம் சொன்னேன். பி.டி. சாரைக் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. மைதானத்திலிருந்து ஓடி வந்து, பெஞ்சுகளைக் காலால் தள்ளிவிட்டு, மண்டியிட்டு அமுக்கத் தொடங்கியிருந்தார். நான் தாழ்வாரத்துக்கு ஓடினேன். புடவையோடு அவ்வளவு வேகமாக நான் ஓடியது அதுதான் முதல் தடவை. ரயிலுக்குக்கூட அப்படி ஓடியதில்லை.

அலமாரியைத் திறந்ததும் அலாரம் அலறியது. மற்ற வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் பள்ளி விட்டாயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் எல்லோரையும் ஹெச்.எம். பார்வையாலேயே உள்ளே அனுப்பிவிட்டு என் பின்னாலேயே வந்தார்.

பெட்டியில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. புதுச் சட்டையைக் கீழிருந்து மேலாக வெட்டினேன். ஈரத்தைத் துண்டால் துடைத்தேன். மார்பில் பாய் விரித்ததுபோல் முடி இருந்ததால் பட்டை ஒட்டாது. அதற்கும் பெட்டியில் ஒரு சவரக்கத்தி இருந்தது. நான் பாதியும் கணக்கு சார் பாதியுமாகச் சிரைத்தோம். கணக்கு சார் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் டீச்சர், விளையாட்டுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே சிரைத்தார்.

பட்டைகளை ஒட்டினேன். மெஷின் பேசத் தொடங்கியது. அந்தச் சந்தடியில் அந்த ஆங்கிலம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பயிற்சியில் புரிந்த அதே சொற்கள்தான். அப்போது தலைக்கு மேலே ஹெச்.எம்.மின் குரல் கேட்டது. பாடம் நடத்துகிற அதே நிதானம்.

"யாரும் அவரைத் தொட வேண்டாம் என்கிறது. இதயத்தைச் சோதித்துப் பார்க்கிறதாம்."

எல்லோரும் விலகினோம். அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை ஹெச்.எம். ஒரு பார்வை பார்த்தார். அவரும் விட்டார்.

"அதிர்ச்சி தேவை என்கிறது. மின்னுகிற பட்டனை அழுத்தச் சொல்கிறது. அழுத்துங்கள் டீச்சர்."

நான் அழுத்தினேன். அவருடைய உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. யாரோ விசும்பினார்கள்.

"மறுபடி அமுக்கச் சொல்கிறது. நிறுத்தாமல் செய்யுங்கள் சார்" என்றார் ஹெச்.எம்.

பி.டி. சார் அமுக்கினார். அவருக்குக் கை ஓய்ந்ததும் கணக்கு சார் வந்து மண்டியிட்டார். வாய்விட்டு எண்ணினார். குரல் உடைந்தாலும் எண்ணிக்கை உடையவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, அப்பாவின் செருப்புகளை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"மிஸ், அப்பா செத்துட்டாரா?"

"மெஷின் இன்னும் பேசிக்கிட்டுதானே இருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

கணக்கு சாரின் கையை ஏதோ தட்டிவிட்டது. அந்தத் தண்ணீர் லாரிக்காரரின் கைதான். ஈயை விரட்டுவதுபோல் விரட்டியது. பிறகு அவர் முனகினார். நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. நான் அவருடைய கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தது, விரலுக்கு அடியில் துடித்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது அரைக்கண் திறந்தார். வெறும் மார்பைக் குனிந்து பார்த்தார். "என் சட்ட எங்க?" என்றார்.

அன்று சாயங்காலம் திருநின்றவூருக்கு ரயிலில் போகும்போதுதான் எனக்குத் தாகம் தெரிந்தது. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கக்கூட முடியவில்லை. அருகே உட்கார்ந்திருந்த பெண் தானே எடுத்துத் திறந்து கொடுத்தாள். வீட்டில் கணவர், "சனிக்கிழமைகூட இவ்வளவு நேரமா?" என்றார். "பேரன்ட்ஸ் மீட்டிங்" என்றேன். சொல்லிவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வெகுநேரம் அழுதேன். அவர் பயந்துபோய், அந்தக் கூட்டத்துக்கு இனிமேல் போகாதே என்றார்.

தண்ணீர் லாரிக்காரருக்கு இதயத்தில் அடைப்பு இருந்ததாம். பெரிய ஆஸ்பத்திரியில் சரிசெய்துவிட்டார்கள் என்று அவர் மனைவி போனில் சொன்னார். பள்ளியில் வேறு கவலை. ஒட்டிய பட்டைகளை மறுபடி பயன்படுத்த முடியாது, புதிது வர வேண்டும். அதுவரை பெட்டி இருந்தும் இல்லாத கணக்குதான். ஹெச்.எம். நிலைகொள்ளாமல் தவித்தார். செயலாளருக்குத் தினமும் போன் செய்தார். அவர் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாலும் விடவில்லை. பட்டை வரும் வரை மைதானத்தில் ஓட்டப்பந்தயம் கிடையாது என்று பி.டி. சாருக்கு வாய்மொழி உத்தரவு வேறு போட்டார். பிள்ளைகள் ஓடாமல் வேகமாக நடந்து பயிற்சி செய்தார்கள்.

ஆடி முடியும் சமயத்தில், ஒரு மத்தியானம் லாரிக்காரர் மகளோடு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். விலாவைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

பி.டி. சாரிடம் போய், "எலும்பு ஒடஞ்சி கீதாம் சார்" என்றார்.

பி.டி. சார் எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கிடுங்கண்ணே. வேணும்னு செய்யல."

"இன்னா சார் நீ. ஒடச்சதுக்குக் கும்புட்டு போலாம்னுதான் வந்தேன்." நிஜமாகவே கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தச் சட்டதான் டீச்சர். மச்சான் கண்ணாலத்துக்கு எடுத்தது. பொண்டாட்டி தெனமும் கேக்கறா. பட்டன அவுத்துட்டுக் கயட்டி இருக்கலாம்ல?"

"அவுக்கறதுக்கு நேரமில்லைங்க."

"அதான் நானும் சொன்னேன். ஒத்துக்க மாட்டறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

போன் போட்டுக் கொடுத்தார். நான் அவருடைய மனைவிக்குச் சட்டையைப் பற்றி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்ட கெடக்குது டீச்சர், நீங்க நல்லா இருக்கணும்" என்றார். இவர் பக்கத்தில் நின்று, "பாத்தீங்களா, உங்களாண்ட ஒரு மாரி பேசறா" என்றார்.

பிறகு பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். புதுப் பட்டைகள் வந்து சேர்ந்திருந்தன. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். ஹெச்.எம்.மும் வெளியே வந்து கைகட்டி நின்றார். மகள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது உருக்கமாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"பேட்டரிதான சார்?" என்றார்.

"ஆமாம்" என்றார் ஹெச்.எம்.

"டிஸ்டில் வாட்டர் ஊத்தணுமா? சொல்லுங்க, வண்டிலியே கேன் கீது."

"தேவையில்லை. பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்."

அவர் அதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டார். வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இப்போது அவருடைய மச்சான்தான் லாரி ஓட்டுகிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார். பக்கத்துக் குடியிருப்புக்குத் தண்ணீர் இறக்க வரும் நாட்களில், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் இறங்கி, எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்ப்பார். பிறகு ஹெச்.எம். அறைப் பக்கம் திரும்பி, "எரியுது சார்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். ஹெச்.எம். எழுதிக்கொண்டிருப்பதிலிருந்து தலையைத் தூக்காமலே கையைக் காட்டுவார்.